நுழைவுக் கட்டணம் யார் பைக்குப் போகிறது?

1936ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். அமெரிக்காவின் பாஸ்டன் கார்டன் அரங்கில் ரோடியோ, அதாவது முரட்டுக் குதிரையிலும் காளையிலும் ஏறிக் காட்டும் கௌபாய் போட்டி. நடத்தியவர் டபிள்யூ.டி. ஜான்சன் என்ற டெக்சாஸ்காரர். போட்டிக்கு வந்த வீரர்கள் எல்லாரும் ஆளுக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணம் கட்டியிருந்தார்கள். ஆனால் அந்தப் பணம் பரிசுத் தொகையில் சேரவில்லை. பாதி நாட்டைக் கடந்து வந்து பரிசே வாங்கினாலும் வந்துபோன செலவு தேறுவது சந்தேகம். வீரர்கள் கூடிப் பேசி ஒரு மனு எழுதினார்கள்: பரிசுத் தொகையைக் கூட்டுங்கள், நாங்கள் கட்டும் கட்டணத்தையும் அதில் சேருங்கள். ஜான்சன் முடியாது என்றார். வீரர்கள் அரங்கை விட்டு வெளியேறினார்கள். கடைசியில் அவர்தான் இறங்கிவந்தார்.

அந்த வேலைநிறுத்தத்தில் பிறந்த சங்கத்தின் பெயர் கௌபாய்ஸ் டர்ட்டில் அசோசியேஷன். டர்ட்டில் என்றால் ஆமை. ஒன்று சேர ஆமை வேகத்தில் நாளாயிற்று, ஆனாலும் ஒருநாள் கழுத்தை வெளியே நீட்டிவிட்டோம் என்று தங்களைத் தாங்களே கேலிசெய்து வைத்துக்கொண்ட பெயர். 1945இல் அது ரோடியோ கௌபாய்ஸ் அசோசியேஷன் ஆனது. 1975இல் முன்னால் 'புரொஃபஷனல்' சேர்ந்து, இன்றைய பிஆர்சிஏ.

சங்கமான பிறகு ஆமைகள் கேட்டதில் முக்கியமானவை இரண்டு. கட்டணம் பரிசோடு சேர வேண்டும். தொழில் தெரிந்தவர் நடுவராக உட்கார வேண்டும். கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டு ஆகிறது. இன்றைக்கு டெக்சாஸிலோ ஓக்லஹோமாவிலோ வட கரோலினாவிலோ நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வட்டாரக் காளைச் சவாரிச் சங்கம் தொடங்கினால், அது தழைக்குமா முடங்குமா என்பது இந்த இரண்டில்தான் இருக்கிறது. நல்ல காளை, பாதுகாப்பு, விளம்பரம் எல்லாம் வேண்டும்தான். ஆனால் அவையும் முதல் கேள்வியைச் சுற்றித்தான் வரும்: ரைடர் கட்டிய பணம் எங்கே போகிறது?

வட்டாரச் சங்கம் என்பது எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் சொல்லிவிடலாம். மேலே இரண்டு பெரிய அமைப்புகள். ஒன்று பிஆர்சிஏ, ரோடியோவின் எல்லாப் பிரிவுகளையும் நடத்துவது. வீட்டையும் வேலையையும் விட்டு வருஷம் முழுக்க ஊர் ஊராகச் சுற்ற முடியாதவர்களுக்காக 1975இல் அது நாட்டைப் பல வட்டங்களாகப் பிரித்தது. இன்று 12 வட்டங்கள். மற்றது பிபிஆர் (புரொஃபஷனல் புல் ரைடர்ஸ்), காளைச் சவாரி ஒன்றுக்கே ஆனது. 1992இல் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் ஒரு ஓட்டல் அறையில் 20 ரைடர்கள் ஆளுக்கு 1,000 டாலர் போட்டுத் தொடங்கியது. டஃப் ஹெட்மன், டை மரே, கோடி லாம்பர்ட் எல்லாம் அந்த இருபதில் இருந்தவர்கள். ரோடியோவில் கடைசியாக வரும் காளைச் சவாரிக்குத்தான் ஜனம் காத்திருக்கிறது, அதைத் தனியாக எடுத்து நடத்தினால் என்ன என்பதுதான் அவர்கள் போட்ட கணக்கு. 1994இல் லாஸ் வேகஸில் முதல் உலக இறுதிப் போட்டி. 2015இல் நிறுவனம் கைமாறியபோது பேசப்பட்ட விலை ஏறக்குறைய 10 கோடி டாலர். 2025இல் டிகேஓ என்ற விளையாட்டு, கேளிக்கைக் குழுமத்துக்குப் போனது.

இந்த இரண்டுக்கும் கீழே, பள்ளி ரோடியோ முடித்த பையன்களுக்கும் வார நாளில் வெல்டிங் வேலையும் சனிக்கிழமை காளையுமாக இருப்பவர்களுக்கும் நடுவில் கிடப்பதுதான் வட்டாரச் சங்கம். வருஷத்துக்கு எட்டுப் பத்து நிகழ்ச்சி, ஒரு இறுதிப் போட்டி, உறுப்பினர் கட்டணம், ஒரு புள்ளிப் பட்டியல், ஒரு செயலாளர். பல இடங்களில் அந்தச் செயலாளர் யாரோ ஒரு ரைடரின் மனைவி அல்லது அம்மா. சங்கத்தின் உண்மையான தலைவர் அவர்தான் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும்.

இப்போது பணம். ஒரு சாதாரண சனிக்கிழமை இரவை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நாமே போடுவது. 30 ரைடர்கள். ஆளுக்கு 120 டாலர் கட்டணம். அதில் 20 டாலர் அலுவலகச் செலவுக்கும் காளைச் செலவுக்கும் பிடித்தம். மீதி 100 டாலர் பரிசுக்கு. ஆக 3,000. இதற்கு மேல் நிகழ்ச்சி நடத்துபவர் தன் கையிலிருந்து, அதாவது ஸ்பான்சரிடம் வாங்கி, 2,000 சேர்க்கிறார். இந்தத் துறையில் இதை 'ஆடட் மணி' என்பார்கள். மொத்தம் 5,000.

பிஆர்சிஏ வழக்கத்தில் ஆறு இடங்களுக்குப் பரிசு என்றால் பங்கு 29, 24, 19, 14, 9, 5 சதவீதம். நம் 5,000இல் அது 1,450, 1,200, 950, 700, 450, 250 டாலர். நாலு இடம் என்றால் 40, 30, 20, 10. சின்னத் தொகையை எட்டு இடத்துக்குப் பிரித்தால் எட்டாவது ஆளுக்குக் கட்டிய கட்டணம்கூடத் திரும்பாது. பெரிய தொகையை நாலு இடத்தோடு நிறுத்தினால் தேர்ந்த நாலு பேரே வாராவாரம் அள்ளிக்கொண்டு போவார்கள், மற்ற 26 பேர் இரண்டு மாதத்தில் வராமல் போவார்கள். புதுச் சங்கத்துக்கு ஆறு இடம் சரியாக வரும் என்பது என் கணிப்பு. கடைசி இடத்தில் நிற்பவருக்குக் கட்டணமும் டீசல் காசுமாவது கைக்கு வர வேண்டும்.

இதில் சிக்கும் இடம் ஒன்று உண்டு. காளைச் சவாரியில் மற்ற விளையாட்டுப் போல ஆறாவது இடம் என்று ஒன்று தானாக இருக்காது. எட்டு நொடி உட்கார்ந்தவருக்குத்தான் மதிப்பெண். 30 பேர் ஏறி நாலே பேர் தாக்குப்பிடித்தால் ஐந்தாவது, ஆறாவது இடத்துக்கான 700 டாலர் அநாதையாக நிற்கும். அதை அந்த நாலு பேருக்கும் சமமாகப் பிரிப்பதா, அதே விகிதத்திலா, அடுத்த சுற்றுக்குத் தள்ளுவதா, யாருமே உட்காராவிட்டால் கட்டணம் கட்டிய எல்லாருக்கும் திருப்புவதா? எந்த முறையாக இருந்தாலும் பாதகமில்லை. போட்டிக்கு முன்பே விதிப் புத்தகத்தில் அச்சாகியிருக்க வேண்டும். இரவு பத்தரை மணிக்கு, விழுந்து முட்டி வீங்கிய 26 பேர் சுற்றி நிற்க, அதை முதன்முதலாக யோசிக்கக் கூடாது.

ஆண்டிறுதி நிதிக்கு என்று ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒரு பங்கைப் பிடித்து வைக்கும் சங்கங்கள் உண்டு. நல்ல யோசனைதான், இறுதிப் போட்டிக்கு ஒரு கவர்ச்சி வரும். ஆனால் அந்தப் பணம் தனி வங்கிக் கணக்கில், இரண்டு பேர் கையெழுத்தில் இருக்க வேண்டும். ஜூலையில் ஆம்புலன்ஸ்காரருக்கு அவசரமாகக் கொடுத்துவிட்டு அக்டோபரில் பார்த்துக்கொள்ளலாம் என்று கை வைத்த நாளிலிருந்து சங்கம் மூழ்கத் தொடங்கும். நிகழ்ச்சி நடத்துபவர் தருவதாகச் சொன்ன கூடுதல் தொகையும் அப்படியே. டிக்கெட் விற்றுத் தருகிறேன் என்பார். மழை பெய்தால் டிக்கெட் விற்காது. வெற்றி பெற்றவருக்குக் கொடுத்த செக் திரும்பிவரும். அந்தச் செய்தி மூன்று மாநிலங்களுக்குப் பரவ ஒரு வார இறுதி போதும். ஆகவே அனுபவம் உள்ள சங்கங்கள், கூடுதல் தொகை முழுதும் முன்கூட்டியே தங்கள் கணக்கில் வந்து விழுந்த பிறகுதான் தேதியை அறிவிக்கும். ரைடரிடமும் செக் வாங்காது, ரொக்கம்தான்.

பேர் கொடுத்துவிட்டு வராமல் போவது இன்னொரு தலைவலி. ஒரே சனிக்கிழமைக்கு மூன்று ஊரில் பேர் கொடுத்து, எந்த ஊரில் தோதான காளை விழுகிறதோ அங்கே போய்விடுவார்கள். காளையைப் பார்த்துவிட்டுப் பின்வாங்குவதற்கு விலை வைக்காத சங்கத்தில் முரட்டுக் காளைகள் எல்லாம் ஆளில்லாமல் நிற்கும். மருத்துவச் சான்று இருந்தால் சரி. இல்லையேல் கட்டணமும் கட்டு, அபராதமும் கட்டு, கட்டும் வரை அடுத்த போட்டி இல்லை. இதில் முகம் பார்த்து ஒருவருக்குத் தளர்த்தினால் முப்பது பேருக்கும் தளர்த்த வேண்டிவரும்.

பணத்துக்கு அடுத்தது காளை. ஒரு சங்கம் எத்தனை நிகழ்ச்சி நடத்தலாம் என்பதை ரைடர் எண்ணிக்கையைவிட, சுற்றுவட்டத்தில் எத்தனை நல்ல காளை இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும். 30 பேர் முதல் சுற்றில் ஏற 30 காளை. மேலே வந்த 8 பேர் இறுதிச் சுற்றில் ஏற 8. காளை சரியாகக் குதிக்காதபோது தரும் மறுசவாரிக்கு 4. ஆக 42. ஒரு காளை ஓர் இரவுக்கு ஒரு தரம்தான் வெளியே வரும். வேறு வழியில்லை என்று இரண்டாம் தரம் விட்டால் குதிக்காது, அதன் மதிப்பும் கெடும். காளை வளர்ப்பவர் ஒருவர் ஒரு டிரெய்லரில் ஏழெட்டுக் கொண்டுவருகிறார் என்றால் ஆறு பேர் வேண்டும். அவர்களுக்குக் காளை ஏறிய கணக்குப்படி காசு. டீசல், தீவனம், டயர் எல்லாம் அதில்தான். இரண்டு சங்கங்கள் ஒரே சனிக்கிழமை, நூறு மைலுக்குள் நிகழ்ச்சி வைத்தால் இரண்டிலுமே காளை தேறாது. நாட்காட்டியைப் பக்கத்துச் சங்கத்தோடு ஜனவரியிலேயே பேசி முடிக்காமல் மோதிக்கொண்டு இரண்டும் மெலிந்துபோவது சாதாரணமாக நடப்பது.

இந்தக் காளைகளில் நம் பக்கத்து ரத்தம் ஓடுகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இந்திய மாடுகள் அமெரிக்கா போயின. குஜராத்தின் காங்க்ரேஜும் கிர்ரும், ஆந்திரத்தின் ஓங்கோலும், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடும் கலந்து உருவானதுதான் அமெரிக்கன் பிராமன் இனம். அதற்கான வளர்ப்போர் சங்கம் 1924இல் தொடங்கியது. ஓங்கோலை அவர்கள் அழைத்தது நெல்லூர் என்று. பிரேசிலில் இன்றைக்கும் நெலோர். குதிக்கும் காளைகளில் திமிலும் தொங்கும் காதும் அடிக்கடி கண்ணில் படுவது இதனால்தான். பிராமன் வழி வந்த மாட்டின் தோல் உடம்போடு ஒட்டாமல் தளர்ந்திருக்கும். அதன்மேல் கட்டிய கயிறு நழுவிக்கொண்டே இருக்கும். ஏறுபவருக்கு அதுவே பெரும்பாடு. ஏறுதழுவலில் திமிலைப் பிடிப்பார்கள்; இங்கே திமிலுக்குப் பின்னால் கயிறு போட்டு அதன்மேல் உட்காருகிறார்கள்.

முன்பெல்லாம் எந்தக் காளை குதிக்கும் என்பது அதிர்ஷ்டம். இப்போது அது வளர்ப்பு. அமெரிக்கன் பக்கிங் புல் என்ற பதிவகத்தில் டிஎன்ஏ பார்த்து அப்பன் ஆத்தாள் உறுதியான கன்றுக்குத்தான் பதிவு. இரண்டு வயதுக் காளைக்கு ஆளை ஏற்றுவதில்லை. முதுகில் ஒரு பெட்டியைக் கட்டி விடுவார்கள். நாலு நொடி குதித்ததும் தூர இயக்கியை அழுத்த, பெட்டி கழன்று விழும். காளைக்கு அதில் கிடைக்கும் பாடம், நன்றாகக் குதித்தால் முதுகுப் பாரம் போகும் என்பது. இந்தப் போட்டிகளுக்கே தனிப் பரிசுப் பணம் வந்த பிறகு, காளை வளர்ப்பவருக்கு ரைடரை நம்பாமலும் பிழைக்க வழி வந்தது. வட்டாரச் சங்கங்களுக்கு இது வரம். ஆளில்லாத இளங்காளைப் போட்டியைச் சனிக்கிழமை மதியமே வைத்தால் காளைக்காரர்கள் தங்கள் செலவில் வருவார்கள். அதே டிரெய்லரில் இரவுக்கான காளைகளும் வந்துவிடும்.

காளை வந்து இறங்கும்போது செய்ய வேண்டியவை சலிப்பான வேலைகள், ஆனால் விட்டுவிட முடியாதவை. மாநில எல்லை தாண்டி வந்த மாட்டுக்குக் கால்நடை மருத்துவரின் நலச் சான்று இருக்கிறதா? சில மாநிலங்கள் டிரைக்கோமோனியாசிஸ் என்ற இனப்பெருக்க நோய்க்குச் சோதனைச் சீட்டும் கேட்கும். வேறு வேறு பண்ணைக் காளைகளை ஒரே பட்டியில் விடக் கூடாது. பழக்கமில்லாத இரண்டு காளைகள் பட்டிக் கம்பியைப் பிய்த்துக்கொண்டு முட்டும், விடிவதற்குள் ஒன்றுக்குக் கால் போகும். கொம்பு நுனி மழுக்கப்பட்டிருக்க வேண்டும். செயலாளர் கையில் உள்ள பட்டியலில் காளையின் பெயரோடு உடம்பில் சூடு போட்ட எண்ணும் இருக்க வேண்டும். பெயரை மட்டும் நம்பினால், பட்டியலில் உள்ள காளை நொண்டுகிறது என்று அதே நிறத்தில் இன்னொன்றை ஏற்றிவிடுவார்கள். எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எந்த ரைடருக்கு எந்தக் காளை என்பது குலுக்கல். நடுவர் ஒருவர், ரைடர்கள் சார்பில் ஒருவர், இருவர் கண்முன்னே குலுக்கி, தாளை உடனே ஒட்டிவிட வேண்டும். செயலாளர் தன் வீட்டு மேசையில் தனியாகக் குலுக்கினால் அவர் எவ்வளவு நேர்மையானவரானாலும் பேச்சு கிளம்பும்.

காளைகளின் தரத்தைக் கலப்பதும் ஒரு கலை. முரட்டுக் காளைகளாக அடுக்கினால் 30 பேரில் இரண்டு பேர்தான் உட்காருவார்கள். ஒருவர் பின் ஒருவராக மூன்று நொடியில் விழுவதைப் பார்த்துக் கூட்டம் சலித்துவிடும், கற்றுக்குட்டிகளுக்கு அடி விழும். சாதுவானவையாக அடுக்கினால் 20 பேர் உட்காருவார்கள், எல்லாருக்கும் எழுபதுக்குள் மதிப்பெண், யாருக்கும் கைதட்டல் வராது. மூன்றில் ஒருவர் உட்கார்ந்தால் அது நல்ல இரவு. இறுதிச் சுற்றுக்கான எட்டை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைக் குலுக்குவது அதனால்தான்.

ஒரு சவாரியைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். காளை இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறது, ஷூட் என்பார்கள். திரும்பக்கூட இடமில்லாத அகலம். பின்னிய கயிற்றை முன்னங்காலுக்குப் பின்புறமாக முதுகின் மேலே போட்டு, அடியில் தொங்கும் முனையைக் கம்பிக் கொக்கியால் பலகை இடுக்கு வழியே இழுத்து வாங்குகிறார்கள். கயிற்றின் அடியில் ஒரு மணி. காளையைச் சீண்டத்தான் அந்த மணி என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் அது எடை. ரைடர் கையை விட்டதும் அந்தக் கனம்தான் கயிற்றைத் தளர்த்திக் கீழே இழுத்துப் போடுகிறது. கையுறையிலும் கயிற்றிலும் ராசின் என்ற குங்கிலியப் பிசின் பூசி, சூடேறிப் பிசுபிசுப்பு வரும் வரை கையை மேலும் கீழுமாகத் தேய்க்கிறார். ஒரு நண்பர் மேலே நின்று கயிற்றின் வாலை இழுத்து இறுக்குகிறார். வாலை உள்ளங்கைக்கு மேலே கொண்டுவந்து, புறங்கையைச் சுற்றி, மறுபடி உள்ளங்கைக்குள் வைத்து மடக்கி, முஷ்டியால் குத்தி அமர்த்துகிறார். சிலர் பிடி நழுவாதிருக்க வாலைச் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் கொடுத்து வாங்குவார்கள். அந்தக் கட்டுக்குத் தற்கொலைக் கட்டு என்றே பெயர். விழும்போது கை விடுபடாது.

காளையின் பின்னிடுப்பு முன்பாக மெத்தென்ற பருத்திக் கயிறு ஒன்றைக் கட்டுவது காளைக்காரரின் வேலை. விதைப்பையில் கட்டுகிறார்கள் என்ற கதை எங்கும் ஓடுகிறது. அந்தக் கயிறு அங்கே போவதே இல்லை. பின்னங்காலை உதறத் தூண்டும் கூச்சம்தான் அதன் வேலை. மிக இறுக்கினால் காளை குதிக்காமல் முறைத்துக்கொண்டு நின்றுவிடும். ரைடர் தலையை ஆட்டுகிறார். கதவு திறக்கிறது.

காளையின் தோளோ இடுப்போ கூண்டு வாசலைத் தாண்டியதும் கடிகாரம் ஓடும். எட்டு நொடி. காலியாக இருக்கும் கை காளைமேலோ தன் உடம்பிலோ பட்டால் அவ்வளவுதான். பிடித்த கை கயிற்றை விட்டாலோ ரைடர் தரையைத் தொட்டாலோ கடிகாரம் நிற்கும். வலக்கைக்காரருக்குக் காளை வலப்பக்கம் சுழன்றால் சமாளிக்கலாம். இடப்பக்கம் சுழன்றால் உடம்பு வெளியே வீசப்படும். இறங்குவதும் பிடித்த கை இருக்கும் பக்கமாகவே இறங்க வேண்டும். எதிர்ப்பக்கம் விழுந்தால் மணிக்கட்டு முறுக்கிக் கயிற்றில் மாட்டிக்கொள்ளும், ஆள் காளையின் விலாவில் தொங்குவார். 'ஹங் அப்' என்று ஒலிபெருக்கியில் கேட்டால் அரங்கமே எழுந்து நிற்பது அந்தக் காட்சிக்குத்தான்.

மதிப்பெண் 100க்கு. பாதி ரைடருக்கு, பாதி காளைக்கு. வட்டார நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் இரண்டு நடுவர். ஒவ்வொருவரும் ரைடருக்கு 25க்கும் காளைக்கு 25க்கும் போடுவார்கள், நாலையும் கூட்டினால் மொத்தம். காளையிடம் பார்ப்பது எழும்பும் உயரம், பின்கால் வீச்சு, சுழற்சி, திசை மாற்றம், வலு. ரைடரிடம் பார்ப்பது கட்டுப்பாடு. தூக்கி எறியப்படும் நேரத்திலும் நடுவுக்குத் திரும்புகிறாரா என்பது. காளை இடறினாலோ கூண்டில் உரசினாலோ குதிக்கவே இல்லை என்றாலோ, நடுவர் மறுசவாரி தரலாம்; வந்த மதிப்பெண்ணை வைத்துக்கொள்வதா அதை ஏற்பதா என்று ரைடர் முடிவெடுக்கலாம்.

நடுவர் கூலியில் மிச்சம் பிடிக்கிற சங்கம் உருப்படாது. முன்னாள் ரைடராக இருக்க வேண்டும், அதே பண்ணையின் காளையில் பங்கு இருக்கக் கூடாது, தம்பியோ மகனோ அன்று ஏறக் கூடாது. மூன்றாவது நிபந்தனையில்தான் சின்ன வட்டாரங்கள் தடுக்கி விழும். எல்லாரும் எல்லாருக்கும் உறவு. பக்கத்து வட்டத்திலிருந்து ஆள் அழைத்தால் பெட்ரோலும் அறை வாடகையும் கூடும். கூடினாலும் அதுவே மலிவு. நடுவர் தாள்களைப் பருவம் முடியும் வரை எறியக் கூடாது. செப்டம்பரில் இரண்டு பேர் புள்ளியில் சமமாக நிற்கும்போது மே மாதத் தாளைத் தேடி வருவார்கள்.

பாதுகாப்புக்கு வந்தால் 1989 ஜூலை 30 என்ற தேதியைச் சொல்லாமல் போக முடியாது. ஷயென் ஃப்ரான்டியர் டேஸ் ரோடியோவில் லேன் ஃப்ராஸ்ட் எட்டு நொடி முடித்து இறங்கிவிட்டார். காளை திரும்பி முதுகில் இடித்தது. விலா எலும்பு உள்ளே உடைந்து அரங்கிலேயே உயிர் போனது. வயது 25. கூடவே சுற்றிய நண்பர் கோடி லாம்பர்ட் அதன் பிறகு ரைடருக்கான பாதுகாப்பு மேலங்கியை வடிவமைத்தார். 1990களின் நடுவுக்குள் அது இல்லாமல் யாரும் ஏறுவதில்லை என்றாயிற்று. தலைக்கவசம் வர இன்னும் நாளாயிற்று. பழையவர்கள் தொப்பியைக் கழற்ற மறுத்தார்கள். 2013இல் பிபிஆர் சாமர்த்தியமாக ஒரு விதி போட்டது: 1994 அக்டோபர் 15 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் எவரும் தலைக்கவசம் இல்லாமல் ஏறக் கூடாது. ஒரு தலைமுறை ஓய்வு பெறும்போது தொப்பியும் தானாகவே போய்விடும். வட்டாரச் சங்கங்களும் இதே வழியில் வயதுக்கோடு போடலாம், பெரியவர்களோடு சண்டையில்லாமல்.

ஆனால் உயிரைக் காப்பதில் மேலங்கிக்கும் முன்னால் நிற்பவர்கள் புல் ஃபைட்டர்கள். விழுந்தவருக்கும் காளைக்கும் நடுவே ஓடுவது அவர்கள் தொழில். இரண்டு பேர் கட்டாயம், மூன்று பேர் உத்தமம். கூடவே குதிரைமேல் கயிற்றோடு ஒருவர், வெளியேற மறுக்கும் காளையை இழுத்துப்போக. செலவைக் குறைக்க உள்ளூர்ப் பையனை இறக்குகிறவர்கள் உண்டு. தைரியம் இருக்கும், தன்னோடு நிற்பவர் எந்தப் பக்கம் போவார் என்பது தெரியாது, இரண்டு பேரும் ஒரே பக்கம் ஓடுவார்கள். பழகிய ஜோடியாக அமர்த்த வேண்டும்.

ஆம்புலன்ஸ் அரங்க வாசலில், முகப்பு வெளியே பார்த்தபடி நிற்க வேண்டும். அது ஒருவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் அடுத்தது வரும் வரை ஒரு கதவும் திறக்கக் கூடாது. நாற்பது நிமிஷம் கூட்டம் சும்மா உட்கார்ந்திருக்கும், பாதிப்பேர் எழுந்து போவார்கள். இரண்டு வண்டிக்கு முதலிலேயே காசு கட்டுவது வீண் செலவாகத் தெரிவது அந்த நாற்பது நிமிஷத்தைப் பார்க்காதவர்களுக்குத்தான். தரையும் பாதுகாப்பில் சேர்த்தி. களியும் மணலும் கலந்த மண்ணை முதல் நாளே நனைத்து உழ வேண்டும். காய்ந்து இறுகினால் விழுபவருக்கு எலும்பு; அதிகம் பொலபொலத்தால் காளைக்குக் கால் புதைந்து இடறி, ஆளோடு உருளும்.

வளர்ச்சி என்ற வார்த்தைக்கு இந்தத் துறையில் ஒரு பொறி உண்டு. முதல் வருஷம் எட்டு நிகழ்ச்சி நன்றாகப் போனால் ஆசை அடுத்த வருஷம் இருபது வைக்கச் சொல்லும். வைத்தால் ரைடர்கள் சிதறுவார்கள், ஒவ்வொன்றுக்கும் 15 பேர், பரிசு பாதி, காளை போதாது. எட்டைப் பன்னிரண்டாக்கி ஒவ்வொன்றின் கூடுதல் தொகையை உயர்த்துவது பொறுமையான வழி. புள்ளிக் கணக்கிலும் இதே கவனம் வேண்டும். வென்ற ஒவ்வொரு டாலரும் ஒரு புள்ளி என்பது ரோடியோவின் பழைய வழக்கம். எளிது, யாரும் தகராறு செய்ய முடியாது. ஆனால் ஒரே ஒரு நிகழ்ச்சிக்குப் பெரிய ஸ்பான்சர் கிடைத்து அங்கே மட்டும் பரிசு ஐந்து மடங்கானால், அந்த ஒரு இரவே ஆண்டு சாம்பியனைத் தீர்மானித்துவிடும். அப்படிப்பட்ட நிகழ்ச்சியின் புள்ளிக்கு உச்சவரம்பு வைக்காத சங்கங்கள் மற்ற பதினொன்றுக்கும் ரைடரை இழந்தன.

மேல் அமைப்பின் அங்கீகாரம் வாங்குவது இன்னொரு படி. பிபிஆர் அங்கீகாரம் பெற்ற நிகழ்ச்சியில் வென்றால் அது தேசியப் பட்டியலிலும் சேரும். பெயர் பெற்ற ரைடர்கள் வருவார்கள், கூட்டம் வரும். உள்ளூர்ப் பையன்கள் பரிசு இல்லாமல் போவார்கள். வருஷத்தில் ஒன்றிரண்டை மட்டும் அங்கீகாரத்தோடு வைத்து மற்றவற்றைச் சொந்தப் பையன்களுக்கு விட்டுவைப்பதே நீடிக்கும் ஏற்பாடு.

இதற்கெல்லாம் ஓர் ஊரைக் காட்டச் சொன்னால் வட கரோலினாவின் ஆர்ச்டேலைச் சொல்லலாம். டெக்சாஸுக்கும் ஓக்லஹோமாவுக்கும் வெகுதூரம்; காளைச் சவாரி ஊர் என்று யாரும் நினைக்காத இடம். அங்கிருந்து போன ஜெரோம் டேவிஸ் 1995இல் பிஆர்சிஏ உலகச் சாம்பியன். 1998 மார்ச்சில் ஃபோர்ட் வொர்த்தில் ஒரு காளை வீசியதில் கழுத்தெலும்பு முறிந்து, மார்புக்குக் கீழே செயலிழந்தது. அப்போது அவருக்கு 25 வயது. சக்கர நாற்காலியோடு ஊர் திரும்பியவர் தொழிலை விடவில்லை. காளை வளர்த்தார், இளைஞர்களுக்குப் பயிற்சி தந்தார், தன் பண்ணையிலேயே அரங்கு வைத்து, செப்டம்பர் தொடக்கத்தில் வரும் அமெரிக்கத் தொழிலாளர் தின வாரத்தில் போட்டி நடத்தினார். பின்னால் பிபிஆர் அணிப் போட்டி தொடங்கியபோது கரோலினா அணிக்குப் பயிற்சியாளர். ஒரு வட்டாரம் எப்படி உருவாகிறது என்பதற்கு இது நல்ல வரைபடம்: காளை, பழகும் இடம், வருஷம் தவறாமல் ஒரே தேதி. மூன்றும் ஒரே வேலிக்குள் இருந்தன.

இரவு போட்டி முடிந்ததும் செயலாளரின் டிரெய்லர் ஜன்னல் திறக்கும். ஆறு உறை, ஆறு பெயர். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: வந்த ரைடர் 30, பரிசுக்குச் சேர்ந்த கட்டணம் 3,000, கூடுதல் தொகை 2,000, ஆறு பங்கு. முதல் ஆறு பேர் பிசின் ஒட்டிய விரலால் கையெழுத்துப் போட்டு உறையை வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்களுக்குப் பின்னால், அன்றைக்கு இரண்டாவது நொடியில் விழுந்த ஒரு பையன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, தாளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த சனிக்கிழமைக்குப் பேர் கொடுக்க எத்தனை மணி வரை நேரம் என்று கேட்பான்.